கர்ப்பப்பைக்குள்ள வெளிச்சம் போன கதை

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரெண்டு மாசம் ஆச்சு. படிப்பு, டி.ஏ. வேலை என்று காரணம் சொல்லலாம். உண்மையில் சென்ட் லோரன்ட் பனியை ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம் :)

இந்தத் தடவை ஒரு வரலாற்றுப் பதிவு. மருத்துவ வரலாற்றில் மாஸ்டர்ஸ் படிக்கிறவளுக்கு வேற என்ன எழுத வரும்? கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க. விஷயம் கர்ப்பப்பை பற்றியது, கூச்சப்படுறவங்க இப்பவே அப்பீட் ஆகிடலாம்.

ஆஸ்பத்திரியில் "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்" என்று சொன்னா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த வாக்கியம் இடி மாதிரி விழும். குழந்தை இல்லைன்னு போய் உட்கார்ந்திருக்கிற தம்பதி தலையில். முட்டை மாசாமாசம் சரியா வருது, ட்யூப்ல அடைப்பு இல்லை, கணவருக்கு விந்தணு எண்ணிக்கை சரி. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் கரு நிற்கலை. அப்போ ஃபைலில் எழுதுறது "அன்எக்ஸ்ப்ளைன்ட்". அதாவது காரணம் தெரியாத குழந்தையின்மை.

டாக்டருக்கு அது ஒரு வகையின் பெயர், அவ்வளவுதான். நம்ம ஊர்ல அது ஒரு காலியிடம். காரணம் தெரியலைன்னு சொன்ன மறுநிமிஷமே அந்தக் காலியிடத்தில் ஒரு பெயரை எழுதிடுவாங்க. பெரும்பாலும் அது பொண்ணோட பெயர். நாகதோஷம், லேட்டா கல்யாணம், "ஐ.டி. வேலை சூடு", எல்லாம் அவ கணக்கிலதான்.

எனக்கு ஒரு கேள்வி. "தெரியலை" என்பது யாரைப் பற்றிய சேதி? அந்தப் பெண்ணைப் பற்றியதா, இல்ல பார்த்தவர் கையில் இருந்த கருவியைப் பற்றியதா? இதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா ஹிஸ்டரோஸ்கோபியோட கதை வருது. கர்ப்பப்பை வாய் வழியா ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்ளே நேரா பார்க்கிறதுதான் ஹிஸ்டரோஸ்கோபி. இன்னைக்கு பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்கு வந்து சேர மனுஷங்களுக்கு ஏறக்குறைய 200 வருஷம் ஆச்சு.

பார்க்காமலே வைத்தியம்

"அரச மரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று நம்மகிட்ட ஒரு பழமொழி இருக்கே. அவசரக்காரங்களைக் கிண்டல் பண்றதுக்குச் சொல்றது. ஆனா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. மரத்தைச் சுத்தினது அவ, வயித்தைத் தொட்டுப் பார்த்தது அவ, சிரிப்பு வாங்கினதும் அவதான். புருஷன் அந்தப் பழமொழியில ஆளையே காணோம். தஞ்சாவூர் பக்கம் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு நெய் வாங்கப் போற கூட்டம் இன்னைக்கும் குறையலை. பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு என்ன ரகளை நடந்தது, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் எப்படித் தீர்ப்பு வந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கதையின் அடியில இருக்கிறதும் இதே விஷயம்தான். குழந்தை இல்லாத ஒரு ஜோடியை ஊர் என்ன பாடு படுத்துது என்பது.

இது நம்ம ஊருக்கு மட்டும்னு நினைக்க வேண்டாம். நான் இப்போ இருக்கிற கெபெக்கில் போன நூற்றாண்டின் பாதி வரைக்கும் "தொட்டில்களின் பழிவாங்கல்" என்று ஒரு பேச்சு உண்டு. இங்கிலீஷ்காரன் ஜெயிச்சுட்டான், நாம பிள்ளை பெத்துப் பெருகி ஜெயிப்போம் என்பது அர்த்தம். பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் இங்க சாதாரணம். அப்படி ஒரு ஊர்ல பிள்ளை இல்லாத பெண் சர்ச்சில் எந்த முகத்தோட உட்கார்ந்திருப்பா என்று நினைச்சுப் பாருங்க.

சாமியாவது வயித்தைக் கிழிக்கலை. அந்தக் கால டாக்டர்கள் கிழிச்சாங்க. அமெரிக்காவில் மரியன் சிம்ஸ் என்று ஒருத்தர், "நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை" என்று ரொம்ப நாள் புகழப்பட்டவர். 1840களில் அலபாமாவில் அடிமைப் பெண்கள் மேல், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினவர். அனார்கா, பெட்ஸி, லூசி என்று மூணு பேரோட பெயர் மட்டும் நமக்குத் தெரியும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018-ல் எடுத்துட்டாங்க. அவர் 1866-ல் போட்ட கர்ப்பப்பை அறுவைப் புத்தகத்தில் குழந்தையின்மைக்குப் பெரிய இடம் உண்டு. கர்ப்பப்பை வாய் குறுகலா இருக்கு, அதான் விந்து உள்ளே போகலை, வெட்டி அகலப்படுத்து. இதுதான் அவர் வைத்தியத்தின் சாரம். உள்ளே என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது.

அதுக்கும் முன்னாடி, 1843-ல், பாரிஸ் டாக்டர் ரெக்காமியே நீளக் கைப்பிடி வைத்த ஒரு கரண்டி செய்தார். கர்ப்பப்பைக்குள்ள விட்டுச் சுரண்டி எடுக்கிற கருவி. நம்ம ஊர்ல எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த "டி அண்ட் சி"யின் தாத்தா இதுதான். கண்ணால் பார்க்காமல், கை உணர்ச்சியை வைத்தே சுரண்டுறது. இந்தக் கரண்டியை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

மெழுகுவர்த்தியும் சாராய விளக்கும்

உடம்புக்குள்ள வெளிச்சம் போட்டுப் பார்க்கணும்னு முதல்ல ஒழுங்கா யோசிச்சவர் ஃபிராங்க்ஃபர்ட் டாக்டர் ஃபிலிப் போட்சினி. 1806-ல் ஒரு பெட்டி செய்தார். உள்ளே மெழுகுவர்த்தி, பின்னாடி கண்ணாடி, முன்னாடி குழாய். வெளிச்சம் ஒரு பக்கமா போகும், பார்வை இன்னொரு பக்கமா திரும்பி வரும். வியன்னா மருத்துவப் பெரிசுகள் அதை வரவேற்கலை. பாவம், 1809-ல் நோயாளிகளைப் பார்த்துக்கிட்டு இருந்தவர் டைஃபஸ் காய்ச்சல் வந்து, 35 வயசுல போய்ச் சேர்ந்துட்டார்.

அடுத்து 1853-ல் பாரிஸில் அந்தோனின் டெசொர்மோ. (மொன்றியல்காரங்க கவனிக்க: நம்ம முருகன் கோயில் இருக்கிற டொலார்-டே-ஜொர்மோவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அது 1660-ல் சண்டையில் செத்த ஒரு ஆளோட பெயர் :)) டெசொர்மோ மெழுகுவர்த்திக்குப் பதிலா சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரிகிற விளக்கு வைத்தார். வெளிச்சம் நல்லா வந்தது, சூடும் சேர்ந்து வந்தது. சிறுநீர்ப்பை பார்க்கத்தான் முக்கியமா பயன்பட்டது.

கர்ப்பப்பைக்குள்ள முதல்ல போனவர் பந்தலியோனி. 1869-ல் வெளியான அவரோட குறிப்பில் ஒரு 60 வயசு அம்மா வர்றாங்க. மாதவிடாய் நின்னு எத்தனையோ வருஷம் கழிச்சு ரத்தப்போக்கு. குழாய் வழியா பார்த்தார், உள்ளே சின்னதா ஒரு சதை வளர்ச்சி, அதாவது பாலிப். சில்வர் நைட்ரேட் வைத்து அதைச் சுட்டார். பார்த்தார், காரணம் கண்டுபிடித்தார், அதே இடத்தில் வைத்தியமும் செய்தார். உலகத்தின் முதல் ஹிஸ்டரோஸ்கோபி என்று இதைத்தான் சொல்றாங்க. அந்த அம்மாவோட பெயர் யாருக்கும் தெரியாது. வழக்கம் போல.

கர்ப்பப்பை ஏன் அடம் பிடிச்சது?

1869-ல் முதல் வெற்றி. அப்போ 1900-க்குள்ள ஊரெல்லாம் பரவியிருக்கணுமே? பரவலை. சிறுநீர்ப்பை, தொண்டை, மலக்குடல் எல்லாத்துக்கும் ஸ்கோப் வந்தாச்சு. 1870களின் கடைசியில் மாக்ஸ் நிட்சே சிறுநீர்ப்பைக் கருவியைப் பிரமாதமா செய்துட்டார். கர்ப்பப்பை மட்டும் இன்னும் 100 வருஷம் காத்திருந்தது. ஏன்?

காரணம் உடற்கூறுலயே இருக்கு. சிறுநீர்ப்பை பலூன் மாதிரி, தண்ணி விட்டா விரியும், நடுவுல நின்னு சுத்திப் பார்க்கலாம். கர்ப்பப்பை அப்படி இல்லை. தடிச்ச தசை. உள்சுவர் ரெண்டும் மூடின புத்தகத்தோட பக்கங்கள் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். குழாயை விட்டா ஒரு பக்கத்துச் சுவர்ல போய் முட்டும், செக்கச்செவேல்னு தெரியும், வேற ஒன்னும் தெரியாது. விரிக்க அழுத்தம் கொடுக்கணும். அழுத்தினா ட்யூப் ரெண்டும் வழியா வயித்துக்குள்ள கசியும். லேசா உரசினாலே ரத்தம் வந்து கண்ணாடியை மூடும். வாய் குறுகல் வேற.

அதனால அடுத்த எழுபது வருஷக் கதை "எதை ஊதி விரிக்கிறது" என்பதுதான். பாரிஸில் சார்ல் டேவிட் 1908 வாக்கில் நுனியில் கண்ணாடி வைத்து, சுவரை ஒட்டியே பார்க்கிற கருவி செய்தார். நியூயார்க்கில் இசிடோர் ரூபின் 1925-ல் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்து விரித்தார். இந்த ரூபின் குழந்தையின்மை வரலாற்றில் பெரிய ஆள். ட்யூப் அடைச்சிருக்கா என்று பார்க்க வயித்தைத் திறக்க வேண்டாம், கர்ப்பப்பை வழியா வாயு ஊதினா போதும் என்று 1920-ல் காட்டினவர். வாயு ட்யூப் தாண்டி வயித்துக்குள்ள போனா பெண்ணுக்குத் தோள்பட்டை வலிக்கும். வலிச்சா ட்யூப் திறந்திருக்கு! பின்னாடி எக்ஸ்ரே ட்யூப் டெஸ்ட், எச்.எஸ்.ஜி., அந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. 1970-ல் ஸ்வீடன்காரங்க கெட்டியான டெக்ஸ்ட்ரான் பாகை உபயோகிச்சாங்க. ரத்தத்தோட கலக்காது, நல்லாத் தெரியும். ஆனா கருவியில காய்ஞ்சா கற்கண்டு மாதிரி ஒட்டிக்கும். கொஞ்ச நாள்லயே ஜெர்மனியில் லிண்டமன் வாயுவை அளந்து, மெதுவா விடுறதுக்கு மெஷின் செய்தார். வயித்துக்கு ஊதுற மெஷினை கர்ப்பப்பைக்கு மாட்டி, வாயு ரத்தத்தில் கலந்து உயிர் போன சம்பவங்களும் உண்டு. கடைசியில் ஜெயிச்சது எது தெரியுமா? சாதாரண உப்புத் தண்ணி. சலைன் பாட்டில்.

கரண்டி திரும்ப வருது

1948-ல் டெல் அவீவ் டாக்டர் ஜோசப் ஆஷர்மன் 29 பெண்களைப் பற்றி எழுதினார். எல்லாருக்கும் பிரசவத்துக்கு அப்புறமோ கரு கலைந்த பிறகோ கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் மாதவிடாயே வரலை. 1894-லேயே ஹைன்ரிஷ் ஃபிரிட்ச் ஜெர்மனியில் இப்படி ஒரு கேஸ் எழுதியிருந்தார், யாரும் பெரிசா கண்டுக்கலை. ஆஷர்மன் எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து ஆராய்ந்ததில் விஷயம் தெளிவாச்சு. சுரண்டின புண்ணு ஆறும்போது முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கும். உள்ளே இருக்கிற இடமே குறைஞ்சு போகும். கரு பதியறதுக்கு நிலம் இல்லை.

அதாவது வைத்தியமே நோயா ஆகியிருக்கு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் குழந்தை இல்லைன்னு போற பெண்ணுக்கு டி அண்ட் சி செய்றது பல பத்தாண்டுகளா சர்வசாதாரணம். ஆரம்பத்தில் அதுக்கு நியாயம் இருந்தது. ஸ்கேன் இல்லாத காலம். முட்டை வந்திருக்கா, டி.பி. கிருமி இருக்கா என்று பார்க்க உள்சுவர்த் திசு கொஞ்சம் வேணும். ஆனா போகப்போக சோதனை என்பது போய் அதுவே வைத்தியமா மாறிடுச்சு. "கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணியாச்சு, இனி நிக்கும்" என்று சொல்லி அனுப்புவாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க.

எங்க சொந்தத்தில் ஒரு பெரியம்மா. எண்பதுகளில் கல்யாணம் ஆனவங்க. ஒரு தடவை மூணு மாசத்தில் கலைஞ்சது. சுரண்டி எடுத்தாங்க. அப்புறம் நாலு வருஷத்துல இன்னும் ரெண்டு தடவை, வேற வேற ஆஸ்பத்திரியில், "சுத்தம்" பண்ணினாங்க. அதுக்கப்புறம் தனக்கு மாதவிடாய் ரெண்டு சொட்டா குறைஞ்சு போச்சுன்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. "நல்லதுதானே, தொல்லை விட்டது" என்று பதில் கிடைச்சதாம். கடைசி டாக்டர் காரணம் தெரியலைன்னு கையை விரிச்சார். பெரியப்பாவுக்கு அத்தனை வருஷத்தில் ஒரு டெஸ்ட்கூட எடுக்கலை. பெரியம்மாவை வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் சமையல்கட்டு பக்கம்தான் நிப்பாங்க.

அவங்களுக்கு ஆஷர்மன் சொன்ன ஒட்டல் இருந்ததா? இனிமே யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்ல வர்றது ஒன்னுதான். மூணு தடவை அவங்க கர்ப்பப்பைக்குள்ள கருவி போயிருக்கு. ஒரு தடவைகூட கண்ணு போகலை.

பஞ்சாபிலிருந்து ஒரு கண்ணாடி இழை

கண்ணு உள்ளே போறதுக்கு வழி செஞ்சதுல நம்ம நாட்டுக்காரர் ஒருத்தருக்குப் பங்கு இருக்கு. நரீந்தர் சிங் கபானி. 1926-ல் பஞ்சாப் மோகாவில் பிறந்தவர். வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும்னு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை இவர் மனசு ஏத்துக்கலையாம். அவரே பிற்காலத்தில் சொன்னது. லண்டன் இம்பீரியல் காலேஜுக்குப் படிக்கப் போனார், அங்கே ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். கண்ணாடியை முடி மாதிரி இழுத்து, ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டா கட்டி, வளைஞ்ச கட்டு வழியா படத்தை அனுப்பலாம் என்று ரெண்டு பேரும் 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் எழுதினாங்க. இன்டர்நெட் கேபிளுக்கும் இதுதான் அடிப்படை. கபானி 2020 டிசம்பரில் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தாங்க.

ஹாப்கின்ஸ் அதோட நிக்கலை. பழைய ஸ்கோப்புகளில் நீளக் குழாய்க்குள்ள சின்னச் சின்ன லென்ஸ்கள் வரிசையா இருக்கும், நடுவுல நிறையக் காற்று. அவர் அதைத் தலைகீழாக்கி, நீளமான கண்ணாடித் தண்டுகளை வைத்து, நடுவுல கொஞ்சமா காற்று விட்டார். படம் பல மடங்கு பளிச்சுனு ஆச்சு. 1959-ல் காப்புரிமை எடுத்தும் வாங்க ஆள் இல்லை. 1960களின் நடுவில் ஜெர்மனியில் கார்ல் ஸ்டோர்ஸ் என்ற கருவி தயாரிப்பாளர் அதை எடுத்துக்கிட்டார். வெளிச்சம் தர்ற விளக்கு வெளியே பெட்டியில் இருக்கும், அங்கிருந்து கண்ணாடி இழைக் கட்டு வழியா வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். சூடு வெளியிலேயே நின்னுடும். போட்சினியோட மெழுகுவர்த்திக்கு ஒன்றரை நூற்றாண்டு கழிச்சுத் தீர்வு.

அதுக்கப்புறம் வேகம். 1976-ல் நியூயார்க்கில் ராபர்ட் நியூவர்த், சிறுநீர்ப்பாதை டாக்டர்களோட மின் வளையக் கருவியைக் கடன் வாங்கி கர்ப்பப்பைக்குள்ள துருத்தின ஃபைப்ராய்டு கட்டியைச் செதுக்கி எடுத்தார். வயித்தைத் திறக்காமலே. 1980 வாக்கில் பாரிஸில் ஜாக் ஹமூ ஸ்கோப்பை 4 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிய வைத்தார். 1990களில் இத்தாலியின் ஸ்டெஃபானோ பெட்டோக்கி, இடுக்கி வேண்டாம், ஸ்பெகுலம் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம், தண்ணி ஓட்டத்தோடயே மெதுவா உள்ளே போகலாம் என்று காட்டினார். கிளினிக்கிலேயே பார்த்து, சின்ன பாலிப், லேசான ஒட்டல் இருந்தா சின்னக் கத்திரியால் அங்கேயே வெட்டி எடுத்து, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். பந்தலியோனி செய்ததேதான், இப்போ பாதுகாப்பா. "காரணம் தெரியலை" என்று எழுதின ஃபைல்கள் சிலவற்றில் இப்படிக் காரணம் கிடைச்சது: பாலிப், உள்ளே துருத்தின ஃபைப்ராய்டு, நடுவுல பிறவித் தடுப்புச் சுவர், ஒட்டல், நாள்பட்ட அழற்சி.

மெட்ராஸும் டி.பி.யும்

இந்தியாவில் இந்தப் பட்டியலில் இன்னொன்னைச் சேர்க்கணும். டி.பி.

டி.பி. என்றாலே இருமல், நுரையீரல் என்றுதான் நினைப்போம். அந்த நோயோட வரலாற்றில் நம்ம சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1956-ல் மெட்ராஸில் ஆரம்பிச்ச டி.பி. ஆராய்ச்சி மையம் (இன்னைக்கு சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய நிறுவனம்), 1959-ல் ஒரு முடிவை வெளியிட்டது: ஏழை நோயாளி தன் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்தவர் அளவுக்குக் குணமாவார். உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வச்ச ஆராய்ச்சிகளில் அது முக்கியமானது.

ஆனா டி.பி. கிருமி ரத்தம் வழியா ட்யூபுக்கும் போகும். 1744-லேயே மோர்காஞி, டி.பி.யில் இறந்த ஒரு இளம்பெண்ணின் உடலில் இதைப் பார்த்து எழுதியிருக்கார். இனப்பெருக்க உறுப்பு டி.பி.யில் ட்யூப் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பாதிக்கும், கர்ப்பப்பை உள்சுவர் பாதிப் பேருக்கு. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. பல பெண்களுக்கு ஒரே அறிகுறி குழந்தை இல்லை என்பதுதான். கிருமி ரொம்பக் கம்மியா இருக்கிறதால லேப் டெஸ்டிலும் மாட்டாது. உலக டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருத்தர் இருக்கிற நாட்டில் இது சின்ன விஷயமா?

இங்கேதான் ஸ்கோப் உதவியது. வெளுத்த உள்சுவர், சின்னச் சின்ன முண்டுகள், ட்யூப் வாய் மூடிப்போன தோற்றம், சுருங்கின குகை மாதிரி கர்ப்பப்பை. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இதையெல்லாம் விரிவா பதிவு பண்ணியிருக்காங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா ஆறு மாச மருந்தில் நோய் போகும். முழுக்க ஒட்டிப் போன பிறகு கண்டுபிடிச்சா நோய் போகும், ஆனா அழிஞ்ச உள்சுவர் திரும்ப வர்றது கஷ்டம். இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரே ஒரு பி.சி.ஆர். ரிசல்ட்டை மட்டும் வச்சு, வேற ஆதாரம் இல்லாமலே ஆறு மாசம் டி.பி. மருந்து சாப்பிட்ட பெண்களும் நிறைய. தெரியாததை மறைக்கக் கரண்டிக்குப் பதிலா மாத்திரை.

அப்போ எல்லாருக்கும் ஸ்கோப் போட்டுடலாமா?

இதுவரைக்கும் படிச்சவங்க "ஆஹா, வெளிச்சம் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்தது" என்று நினைச்சிருப்பீங்க. நானும் இந்த செமஸ்டர் பேப்பருக்கு அப்படித்தான் முடிவுரை எழுத நினைச்சிருந்தேன். ஆராய்ச்சி முடிவுகள் விடலை.

முதல்ல நல்ல சேதி. 2005-ல் மாட்ரிட்டில் இருந்து பெரெஸ்-மெதினா குழு ஒரு முடிவு சொன்னாங்க. பாலிப் இருக்கிற பெண்களுக்கு, விந்தை நேரா கர்ப்பப்பையில் செலுத்துற ஐ.யு.ஐ. சிகிச்சைக்கு முன்னாடி, பாலிப்பை எடுத்தவங்களில் 63 சதவீதம் பேர் கருவுற்றாங்க. எடுக்காமல் சும்மா திசு மட்டும் பார்த்தவங்களில் 28 சதவீதம். பெரிய வித்தியாசம்.

இதைப் பார்த்துட்டு, "ஸ்கேனில் ஒன்னும் தெரியாட்டாலும் பரவாயில்லை, ஐ.வி.எஃப்.புக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு ஹிஸ்டரோஸ்கோபி" என்று உலகம் முழுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2016-ல் 'லான்செட்' இதழில் ரெண்டு பெரிய ஆய்வு வந்தது. ஐ.வி.எஃப். ரெண்டு முதல் நாலு தடவை தோத்துப் போன 702 ஐரோப்பியப் பெண்கள்: ஸ்கோப் பார்த்தவங்களில் 29 சதவீதம் பேருக்குக் குழந்தை, பார்க்காதவங்களிலும் 29 சதவீதம். நெதர்லாந்தில் முதல் ஐ.வி.எஃப். செய்யப் போற 750 பெண்கள்: 57-க்கு 54. புள்ளியியல் கணக்குப்படி ரெண்டும் ஒன்னுதான். 2021-ல் இன்னொரு ஆய்வு, சின்னது, சுமார் 80 பெண்கள். பிறவித் தடுப்புச் சுவரை வெட்டினவங்களுக்கு 31 சதவீதம், வெட்டாதவங்களுக்கு 35. பல வருஷமா கண்ணை மூடிக்கிட்டு வெட்டிக்கிட்டு இருந்தது!

2023-ல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ சங்கம் 'காரணம் தெரியாத குழந்தையின்மை'க்கு என்றே வழிகாட்டி போட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பை சரியா இருந்தா, அதில் தெரியாத எதையோ தேடிக்கிட்டு ஹிஸ்டரோஸ்கோபி செய்ய வேண்டாம்னு அதில் இருக்கு. ஸ்கேனில் ஏதாவது தெரிஞ்சா, ரத்தப்போக்கு மாறியிருந்தா, முன்னாடி சுரண்டி எடுத்த வரலாறு இருந்தா, டி.பி. சந்தேகம் இருந்தா, அங்கே ஸ்கோப்புக்கு வேலை இருக்கு.

எனக்கு இது முதல்ல ஏமாத்தமா இருந்தது. அப்புறம் யோசிச்சா, கரண்டியோட கதைதான் திரும்ப வருது. ரெக்காமியேயோட கரண்டி கெட்ட கருவி இல்லை, தேவைப்பட்ட இடத்தில் உயிர் காப்பாத்தும். எல்லாருக்கும் சுரண்டினதுதான் பிரச்சினை. ஸ்கோப்பும் அப்படித்தான். பார்க்க வேண்டிய பெரியம்மாவை யாரும் பார்க்கலை. பார்க்கத் தேவையில்லாத பெண்ணுக்கு இன்னைக்கு பேக்கேஜில் சேர்த்து பில் போடுறாங்க. ரெண்டு பேரும் ஒரே நாட்டுப் பெண்கள்தான், நடுவுல முப்பது நாப்பது வருஷம், அவ்வளவுதான்.

காசு விஷயத்தையும் சொல்லணும். கெபெக் அரசாங்கம் 2010 ஆகஸ்டில் ஐ.வி.எஃப்.பை பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தது, 2015 நவம்பரில் செலவு தாங்கலைன்னு எடுத்தது, 2021 நவம்பரில் ஒரே ஒரு சுழற்சிக்கு மட்டும் திரும்பக் கொடுத்தது. பொதுப் பணம் என்றால் "இந்த டெஸ்ட் உண்மையிலேயே உதவுதா" என்று யாராவது கேட்டே ஆகணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் நகையை அடகு வச்சு வர்ற பணம். கேள்வி கேட்கிற தெம்பு அந்தத் தம்பதிக்கு இருக்காது. நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருக்கும், மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க, டாக்டர் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் தோணும்.

அதனால யாராவது இந்த நிலைமையில் இருந்தா, டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. ஒன்னு, கணவருக்கு விந்துப் பரிசோதனை முடிஞ்சுதா? எல்லாத்திலயும் மலிவான, வலியில்லாத டெஸ்ட் அதுதான், முதல்ல நடக்க வேண்டியதும் அதுதான். ரெண்டு, ஸ்கேனில் எதைப் பார்த்து இந்த ஸ்கோப் சொல்றீங்க, என்ன தேடப் போறீங்க? மூணு, அது கிடைச்சா என்ன செய்வீங்க, கிடைக்கலைன்னா அடுத்து என்ன? ஒழுங்கான டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

இத்தனைக்கும் அப்புறம் "காரணம் தெரியலை" என்று பதில் வரலாம். இன்னைக்கும் நிறையப் பேருக்கு அதுதான் வருது. முட்டையோட தரம், கரு எப்படிப் பதியுது, இதெல்லாம் பார்க்கிற கருவி இன்னும் சரியா வரலை. போட்சினியோட மெழுகுவர்த்தி காலத்தில் பாலிப் கூட "காரணம் தெரியாத" கணக்கில்தான் இருந்தது. அதுக்காக எந்தப் பொண்ணும் வளைகாப்பு வீட்டில் சமையல்கட்டுல போய் நிக்கணும்னு இல்லை.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிற பொண்ணு. இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம்.

டிஸ்கி 2: உங்க வீட்டுப் பாட்டி, அத்தை யாராவது அந்தக் கால "சுத்தம்" பற்றிச் சொல்லியிருந்தா, பெயர் போடாமல் பின்னூட்டத்தில் எழுதுங்க. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரலாறு அது. ரூபினோட தோள்பட்டை வலி டெஸ்ட் பற்றி அடுத்த பதிவில், பேராசிரியர் என்னை விட்டா :)